ஈயமும் ஒப்பந்தமும்

எங்கள் தொழிலில் இருப்பவர்களிடையே ஓர் ஆவணப்படம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது யாரேனும் அலுவலகக் குழுவில் அதன் சுட்டியைப் போடுவார்கள்; அதுவரை பார்க்காத ஐந்தாறு பேர் பார்த்துவிட்டு நெகிழ்ந்து எழுதுவார்கள். 'ஃபேர்வெல், எட்டாயின் ஷ்ரட்லு' என்பது அதன் பெயர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஈய எழுத்துகளால் பக்கம் கட்டிய கடைசி இரவைப் பதிவுசெய்த படம். அரைமணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த இரவில் தயாரானது 1978 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை இதழ். இயக்கிய டேவிட் லோப் வைஸ் அதே நாளிதழில் மெய்ப்புப் பார்த்தவர். விளக்கிச் சொல்லும் கார்ல் ஷ்லெசிங்கர் அங்கே லைனோடைப் இயந்திரத்தில் உட்கார்ந்தவர். ஆக, வெளியாள் வந்து எடுத்துப்போன படமில்லை.

நான் இதை நான்கு முறை பார்த்திருக்கிறேன். முதல் மூன்று முறையும் தொண்டை அடைத்தது. நான்காம் முறை, சென்ற மாதம், எரிச்சல் வந்தது. நல்ல படத்தின் மேல் வரும் எரிச்சலுக்குக் காரணம் தேடியாக வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த விசித்திரமான பெயர். லைனோடைப் விசைப்பலகையில் 90 விசைகள். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்துகள் இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு நிரல்களில் விரலை மேலிருந்து கீழே இழுத்தால் கிடைக்கும் பொருளற்ற ஒலிதான் 'எட்டாயின் ஷ்ரட்லு'. தட்டும்போது பிழை நேர்ந்தால் அந்த வரியை எதையாவது போட்டு நிரப்பி, வார்த்து, பிறகு எடுத்தெறிவதுதான் எளிய வழி. எடுத்தெறிய மறந்த நாட்களில் அது அப்படியே செய்தித்தாளில் ஏறிவிடும். வாசகர்கள் காலையில் காப்பியோடு அதைப் படித்து விழித்திருப்பார்கள்.

இந்த இயந்திரத்தை உருவாக்கியவர் ஓட்மார் மெர்கெந்தாலர். 1886இல் நியூயார்க் டிரிப்யூன் நாளிதழில் முதலில் வேலைக்கு வந்தது. ஒரு விசையைத் தட்டினால் அந்த எழுத்தின் பித்தளை அச்சு மேலேயுள்ள பெட்டியிலிருந்து இறங்கும். ஒரு வரிக்கான அச்சுகள் சேர்ந்ததும் உருகிய ஈயக்கலவை அவற்றின் மேல் பாயும். முழு வரியும் ஒரே துண்டாக, கைசுடும் சூட்டில் வெளியே வந்து விழும். என்னைக் கட்டிப்போட்டது அதற்குப் பிறகு நடப்பது. வேலை முடிந்த பித்தளை அச்சுகள் மறுபடி மேலே தூக்கப்பட்டுத் தத்தம் அறைக்குத் தாமாகவே போய்ச் சேரும். ஒவ்வோர் அச்சின் தலையிலும் ஏழு இணைப் பற்களுக்கு இடமுண்டு. எந்தப் பல் இருக்கிறது, எது இல்லை என்பது எழுத்துக்கு எழுத்து மாறும். நீண்ட ஒரு தண்டில் தொங்கியபடி நகரும் அச்சு, தன் பற்களுக்குப் பிடிமானமில்லாத இடம் வந்ததும் கீழே விழும். அந்த இடம் அதன் அறை. ஏழு இடங்கள், ஒவ்வொன்றிலும் உண்டு அல்லது இல்லை! கணினி எழுத்துகளுக்கான ஏழு பிட் குறியீட்டைப் பாடமாகப் படித்த எவருக்கும் இந்த இடத்தில் சிரிப்பு வரும். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பித்தளையில் ஒருவர் செய்து வைத்திருக்கிறார்.

படத்தின் முதல் பாதி இந்த வேலையை அதன் வேகத்திலேயே காட்டுகிறது. பக்கம் கட்டுபவர்கள் ஈய வரிகளைத் தலைகீழாகப் படித்து, ஒரு வரி அதிகமானால் எங்கே வெட்டலாம் என்று பத்திரிகையாளரோடு பேசி முடிவுசெய்கிறார்கள். கட்டிய பக்கத்தின் மேல் காகிதக்கூழ் அட்டையை அழுத்திப் படியெடுக்கிறார்கள். அதிலிருந்து வளைந்த ஈயத்தகடு வார்க்கப்பட்டு அச்சு இயந்திரத்துக்குப் போகிறது. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கரும்பலகையில் யாரோ சாக்கட்டியால், ஒரு யுகம் முடிந்தது, இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது, அழுது பயனில்லை என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னணி இசையால் நம்மை அழவைக்க வைஸ் முயலவில்லை. இயந்திரங்களின் சத்தமே போதும் என்று விட்டுவிட்டார். அந்தச் சத்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் காது கேளாதோர் பள்ளிகள் பலவற்றில் அச்சுத்தொழில் ஒரு பாடமாக இருந்தது. பெரிய நாளிதழ்களின் அச்சுக்கோர்ப்பு அறைகளில் காது கேளாதவர்கள் பலர் மற்றவர்களுக்குச் சமமான சங்கக் கூலியில் வேலை பார்த்தார்கள். மற்றவர்களை அலற வைத்த இரைச்சல் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. சத்தம் நின்ற இரவில் அவர்கள் இழந்தது என்ன என்று தனியாக ஒரு படம் எடுக்கலாம்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது படத்தில் வரும் ஒரு தொழிலாளியின் பேச்சைத்தான். ஆறாண்டு பயிற்சி, இருபதாண்டு வேலை, மொத்தம் 26 ஆண்டுகளில் தான் கற்றதெல்லாம் இப்போது கணினி என்கிற ஒரு சின்னப் பெட்டிக்குள் போய்விட்டது, அநேகமாக எல்லா வேலைகளும் இப்படித்தான் ஆகப்போகின்றன என்ற கருத்தில் அவர் சொல்கிறார். கோபமில்லாத குரல். புதிய முறையையும் கற்றுக்கொண்டவர்தான் அவர். எங்கள் அலுவலகக் குழுவில் இந்த இடத்தைத்தான் தனியாக வெட்டிப் போடுவார்கள். தீர்க்கதரிசி என்பார்கள்.

அந்தப் பேச்சைக் கேட்கும்போது நான் அவர் பக்கம் நிற்பதாகவே மூன்று முறையும் நினைத்துக்கொண்டேன். அது பொய். நான் பெட்டி செய்கிறவன்.

2006இல், மேற்படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில், அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு என்னை அனுப்பினார்கள். மருத்துவமனைகளிலிருந்து வரும் பில்களைச் சரிபார்க்கும் பிரிவு. அங்கே அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் பக்கத்தில் ஆறு வாரம் உட்கார்ந்தேன். பில்லை எடுத்துப் பார்த்ததும், "இந்த மருத்துவமனை எப்பவும் இரண்டு தடவை அனுப்பும், முந்தின வாரத்துக் கட்டில் பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்பேன். அவர் யோசித்துச் சொல்வார். நான் அதை ஒரு விதியாக எழுதிக்கொள்வேன். சில விஷயங்கள் தனக்குத் தெரியும் என்பதே அவருக்கு என் கேள்விக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆறு வாரத்தில் நூற்றுச் சொச்சம் விதிகள் சேர்ந்தன. ஒருநாள், இதெல்லாம் எழுதி முடித்த பிறகு எனக்கு என்ன வேலை இருக்கும் என்று கேட்டார். சலிப்பூட்டும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும், நீங்கள் இன்னும் உயர்வான வேலைகளில் கவனம் செலுத்தலாம் என்று, எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி சொன்னேன். கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். அவர் எனக்கு ஒரு கையுறை பின்னிக் கொடுத்தார், அந்த ஊர்க் குளிருக்கு. அடுத்த ஆண்டு அந்தப் பிரிவில் மூன்று பேர்தான் இருந்தார்கள், அவர் இல்லை. அந்தத் திட்டத்தை நன்றாக முடித்ததால்தான் என் கிரீன் கார்டு விண்ணப்பம் நகர்ந்தது. இதைப் படிப்பவர்களில் என்னைப் போன்றவர்கள் பலர் இருப்பீர்கள். நம் வீட்டுக் கடனிலும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்திலும் யாரோ ஒருவரின் 26 ஆண்டுகள் கரைந்திருக்கின்றன.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். படம் முடிந்ததும் மனத்தில் நிற்பவை ஈயம், கடிகாரம், மையேறிய விரல்கள். அந்த விரல்களுக்குச் சொந்தக்காரர்கள் ஏன் அவ்வளவு நிதானமாகப் பேசினார்கள் என்ற கேள்வியை மூன்று முறை பார்த்தும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. வேலை போகப்போகிறவர்களின் முகங்கள் அல்ல அவை. 1974இல் அவர்களுடைய சங்கம் நியூயார்க் டைம்ஸ், டெய்லி நியூஸ் ஆகிய நாளிதழ்களோடு நீண்டகால ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. அச்சுக்கோர்ப்பு அறைக்குள் எந்தப் புதிய கருவியையும் கொண்டுவர நிர்வாகத்துக்கு உரிமை. பதிலுக்கு, அப்போது நிரந்தர வேலையில் இருந்த அச்சுத் தொழிலாளர்களுக்கு ஓய்வுபெறும்வரை வேலை உறுதி. 1978இல் அந்த அறையில் நின்றவர்கள் தொழிலை இழந்தார்கள், சம்பளத்தை இழக்கவில்லை. அந்த நிதானம் தத்துவத்திலிருந்து வந்ததல்ல, கையெழுத்திட்ட காகிதத்திலிருந்து வந்தது.

அந்தக் காகிதம் சும்மா கிடைக்கவில்லை. 1962 டிசம்பர் 8 அன்று, பெர்ட்ராம் பவர்ஸின் தலைமையில் அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 114 நாள் நீடித்தது. கூலியும் வேலை நேரமும் பேசப்பட்டாலும் அடியில் இருந்தது தானியங்கிக் கருவிகள் பற்றிய அச்சம். தந்திவழி வரும் துளையிட்ட நாடாவைக் கொண்டு ஆள் தட்டாமலே லைனோடைப்பை ஓட்ட முடியும் என்ற நிலை அதற்கு முன்பே வந்துவிட்டது. யார் அந்த நாடாவைக் கையாள்வது, மிச்சமாகும் பணம் யாருக்கு என்பதுதான் சண்டை. சண்டைக்கு விலையும் இருந்தது. நலிந்திருந்த நாளிதழ்கள் ஒவ்வொன்றாக மூடின; 1967 முடிவில் நகரத்தின் பெரிய பொது நாளிதழ்களில் மூன்றே எஞ்சின.

சங்கம் எல்லாவற்றிலும் நியாயமாக நடந்துகொண்டது என்றும் சொல்ல மாட்டேன். 'போகஸ்' என்று ஒரு வழக்கம் இருந்தது. விளம்பரதாரர் தன் விளம்பரத்தை ஏற்கெனவே கோத்து அச்சுக்குத் தயாராக அனுப்பியிருப்பார். நாளிதழ் அதையே பயன்படுத்திக்கொள்ளும். ஆனாலும் சங்க விதிப்படி அதே விளம்பரத்தை உள்ளூர் அச்சுக்கோர்ப்பவர் மறுபடி கோத்து, மெய்ப்புப் பார்த்து, அப்படியே உருக்கப் போட்டுவிட வேண்டும். என் தொழில்மூளைக்கு இது ரத்தக்கொதிப்பு தரும் விஷயம். நான் ஆலோசகனாகப் போயிருந்தால் முதல் நாளே சிவப்பு மையில் அடித்திருப்பேன். ஆனால் இப்படிப்பட்ட பிடிகள் கையில் இருந்ததால்தான் 1974இல் அவர்களால் மேசைக்கு எதிரே உட்கார முடிந்தது. காப்பீட்டு நிறுவனத்து அம்மாளிடம் விட்டுக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. தெரிந்ததையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் படமெடுத்தவர்களுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஹாரி கெல்பரோடு சேர்ந்து, அச்சுத் தொழிலாளர்களும் கட்டுப்படுத்தப்பட்ட தானியங்கி முறையும் என்பதையே பொருளாக வைத்து 1967இல் புத்தகம் எழுதியவர் இதே ஷ்லெசிங்கர்தான். பேரம் எப்படி நடக்கும் என்பதை உள்ளிருந்து எழுதியவரின் குரல், இந்தப் படத்தில் அதிகமும் இயந்திரத்தின் மேலேயே தங்கிவிடுகிறது. அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கடைசி இரவில் யார்தான் ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளைப் பற்றிப் பேசுவார்கள்? உருகிய ஈயத்தைக் காமிரா பார்த்துக்கொண்டே இருக்கலாம். காகிதத்தில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் விளைவு என்னவென்றால், எங்கள் துறைக்காரர்கள் இந்தப் படத்தை ஆறுதலுக்குப் பார்க்கிறார்கள். மாற்றம் தவிர்க்க முடியாதது, பழையவர்கள் கண்ணியமாக ஒதுங்கினார்கள், எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது என்று ஒரு கதையாக இது அவர்களுக்குள் இறங்குகிறது. நன்றாக முடிந்ததற்கு 114 நாள் பட்டினி காரணம் என்பது அதில் சேர்வதில்லை.

படத்தின் இரண்டாம் பாதியில் புதிய அறை வருகிறது. அமைதி, வெள்ளை விளக்கு, கணினித் திரைகள். பத்திரிகையாளர் தட்டுவதே இனி எழுத்தாக வரும். அச்சுக்கோர்ப்பவர் மறுபடி தட்ட வேண்டியதில்லை. ஒளியச்சில் வெளிவரும் காகிதப் பட்டைகளைக் கூரிய கத்தியால் வெட்டி, மெழுகு தடவி, அட்டையில் ஒட்டுகிறார்கள். நேற்றுவரை ஈயம் தூக்கிய கைகள் காகிதத்தை நேராக ஒட்டப் பழகுகின்றன. 1978இல் இதுதான் எதிர்காலம். இன்று பார்க்கும்போது முதல் பாதியைவிட இதுதான் பழையதாகத் தெரிகிறது! லைனோடைப் 90 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஒட்டும் வேலை முழுப் பக்கத்தையும் திரையிலேயே கட்டும் வசதி வந்ததும் ஒரு தலைமுறைக்குள் போய்விட்டது. அந்தக் கத்திக்காரர்களுக்கு யாரும் இரங்கல் படம் எடுத்ததாக நான் அறியவில்லை. படத்திலேயே எனக்கு இப்போது மிகவும் பிடித்த பகுதி இதுதான். அடுத்து என்ன வரும் என்று படத்துக்கே தெரியாமல் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இந்த மாற்றம் 1990களில் வந்தது. என் பெரியப்பா மதுரையில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். லைனோடைப் எல்லாம் இல்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கேஸிலிருந்து எடுத்து ஸ்டிக்கில் கோப்பவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளி வினாத்தாள். வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் சோற்றில் கை வைக்கமாட்டார். டைம்ஸ் அச்சகம் ஈயத்தைக் கைவிட்ட அதே 1978இல்தான் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. 'ணை', 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கையைவிட்டு இணைக்கொம்புக்கு வந்தன. பெரியப்பா அதைத் தன் தொழில் வாழ்க்கையின் பெரிய புரட்சியாகச் சொல்வார். "கேஸ்ல இவ்வளவு அறை மிச்சமாச்சுடா" என்று கையை விரித்துக் காட்டுவார். பிறகு தெருமுனையில் ஒரு டிடிபி சென்டர் வந்தது. அங்கே இரண்டு இளம்பெண்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தட்டினார்கள். பெரியப்பாவின் முதலாளி ஆறேழு மாதம் பார்த்துவிட்டு எழுத்துகளைக் கிலோக் கணக்கில் பழைய ஈயத்துக்குப் போட்டார். கரும்பலகையில் யாரும் எதுவும் எழுதவில்லை. கடைசி இரவு என்று ஒன்று இருந்ததாகவே பெரியப்பாவுக்கு நினைவில்லை. வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு தீபாவளிக்குப் பிறகு அவர் போகவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்தோரின் சிற்றிதழ்கள் பல 1980களில் கையால் எழுதி நகலெடுத்து வந்தவை. பாரிசிலும் ஒஸ்லோவிலும் தமிழ் அச்சுக்கோர்க்க ஆளுக்கும் எழுத்துக்கும் எங்கே போவது? கனடாவிலிருந்து சீனிவாசனின் ஆதமி, மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு என்று ஒவ்வொன்றாக வந்த பிறகுதான் தமிழை மேசைமேல் வைத்தே அச்சுக்குத் தயார்செய்ய முடிந்தது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழும் அதன் வழியில் வந்ததுதான். இந்த வரியை அச்சுக்கோப்பதும் நான்தான். தட்டத் தட்டக் கோர்வையாகிவிடுகிறது. பெரியப்பாவுக்குக் கூலி கொடுத்திருக்க வேண்டிய வேலையை ஞாயிற்றுக்கிழமை மாலையில் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறேன், மகிழ்ச்சியோடு. பெரியப்பாவை வெளியே அனுப்பியதும் நமக்கு ஒரு பேச்சைக் கொடுத்ததும் ஒரே கருவி. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது எளிது. அதனால்தான் எல்லோரும் ஒன்றை மட்டும் சொல்கிறார்கள்.

சென்ற மாதம் நான்காம் முறை பார்த்தபோது மகளும் கூட இருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, கணினி அறிவியல். கோடைக்காலப் பயிற்சி வேலைக்கு நிறைய இடங்களில் விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள். புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் சின்னச் சின்ன நிரல் வேலைகளை இப்போது எங்கள் குழுவிலும் இயந்திரத்திடமே கொடுக்கிறோம். அதை நான் அவளிடம் சொன்னதில்லை, அவளுக்குத் தெரியும். 1974 ஒப்பந்தத்தைப் பற்றி அவளுக்கு உற்சாகமாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப உள்ள இருந்தவங்களுக்கு எல்லாம் வேலை நிச்சயம். அடுத்து சேர இருந்தவங்களுக்கு யாருப்பா பேசினா?" என்றாள்.

நான் அந்த ஒப்பந்தத்தை அப்படிப் பார்த்ததில்லை. வாழ்நாள் உறுதி என்பது ஏற்கெனவே இருந்தவர்களின் வாழ்நாள். அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற, காலியான இடங்கள் காலியாகவே விடப்பட்டன. நிர்வாகத்துக்கு அதுதான் லாபம், காத்திருந்தால் போதும். ஆறாண்டு பயிற்சி என்று அந்தத் தொழிலாளி பெருமையோடு சொன்னாரே, அந்தப் படியில் ஏற இனி யாருமில்லை. 1852இல் தொடங்கிய அவர்களுடைய சங்கம் 1980களின் பிற்பகுதியில் தகவல்தொடர்புத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து தனிப்பெயரை இழந்தது. சங்கம் நல்ல பேரம்தான் பேசியது. மேசைக்கு வெளியே நின்றவர்களின் கணக்கில்தான் அந்தப் பேரத்தின் ஒரு பகுதி எழுதப்பட்டது.

மகளுக்கு உடனே பதில் சொல்லவில்லை. படத்தைப் பின்னால் ஓட்டி, அந்தத் தொழிலாளி பேசும் இடத்தை மறுபடி போட்டேன். பெட்டி என்ற சொல்லுக்கு முன்னால், பயிற்சிக்காலம் பற்றி அவர் சொல்லும் வரியில் நிறுத்தினேன். இந்தச் சொற்களுக்கு எங்களிடையே எப்போதும் மதிப்பிருந்தது என்கிறார் அவர். நாங்கள் யாரும் வெட்டிப் போடாத வரி அது. அவள் அந்த இடத்தை இன்னொரு முறை கேட்டாள்.